நனையாத தொப்பி

வெயிலைப் பார்த்தால் ஒரு கண்ணை மூடிச் சிரிக்கிற என் அம்மாவுக்கு,

உன் பதினாறாம் நாள் நேற்று முடிந்தது. படையலில் மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தோம். உப்பு அதிகம். நீ இருந்திருந்தால் முதல் வாயிலேயே சொல்லியிருப்பாய். யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

நாளை மறுநாள் சின்னசேலத்தில் ரயில் ஏறி விடுதிக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இப்போது தெரியுமா? தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடுகிறேன். யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவார்கள்.

தொப்பியைப் பற்றித்தான்.

உன்னைக் கொண்டுபோன அன்று மாமா உன் பாய், தலையணை, கட்டிய சேலைகள், தலைத் துண்டு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிச் சுடுகாட்டு ஓரத்தில் போட்டுவிட்டு வந்தார். போனவர் உடம்பில் பட்ட துணி வீட்டில் தங்கக்கூடாது, அவ்வளவுதான். தொப்பியை மட்டும் அவர் எடுக்கவில்லை. அது டிரங்குப் பெட்டிக்கு மேல், பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. நேற்று படையல் முடிந்ததும் கேட்டேன், இதை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று.

"அது புதுசா கீது பாப்பா. எங்கக்கா போடவே இல்லபோல. யாருக்குன்னா ஆவட்டும்னு வச்சிட்டேன்."

புதுசு. அதை உன் கையில் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

பையைப் பிரித்தேன். விளிம்பு ஒரு சாண் அகலத்துக்கு அப்படியே நின்றது. விரலால் சுண்டினேன். அப்பளத்தைச் சுண்டியது போலச் சத்தம் கேட்டது. வேர்வைக் கறை இல்லை. மண் இல்லை. உன் வாசனை இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்டேனே அம்மா. "தொப்பி போட்டுக்கறியா?" "போட்டுக்கறன்டி." "நெஜமா?" "இவ ஒருத்தி. போட்டுக்கறன்னா போட்டுக்கறேன்." நீ எதற்கும் பொய் சொல்லாதவள். பிறகு இது எப்படி?

*

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். எனக்குத்தான் வரிசை தேவைப்படுகிறது.

கள்ளக்குறிச்சியில் அந்த டாக்டர் உன் மூக்கின் இரண்டு பக்கமும் படர்ந்திருந்த சிவப்பைப் பார்த்தார். கை மூட்டுகளை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். உடம்பே உடம்பைத் தாக்கும் நோய் என்றார். மாத்திரை எழுதினார். எழுதிக்கொண்டே, "வெயில் மட்டும் படக்கூடாதும்மா" என்றார்.

நீ சிரித்தாய். "வெயிலு எங்க சார் வூட்டுக்குள்ள வருது? நாந்தானே அதுக்குள்ள போயிக்கினு இருக்கேன்."

அவரும் சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் வேறு என்ன செய்ய முடியும்? காலையில் ஆறு மணிக்கு மரவள்ளிக் காட்டில் நின்றால்தான் உன் நாள் நடக்கும் என்பது அவர் படித்த புத்தகத்தில் இல்லை. நான் படித்த புத்தகங்களில் இருந்தது. அதனால் மட்டும் என்ன?

விடுதிக்குப் போய் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் பக்கத்து அறைப் பெண் குரோஷா ஊசியால் பை பின்னிக்கொண்டிருந்தாள். நுனியில் சின்னக் கொக்கி இருக்கும் ஒற்றை ஊசி. நூலைக் கொக்கியில் மாட்டி இழுக்கிறாள், ஒரு கண்ணி உண்டாகிறது. அந்தக் கண்ணிக்குள் ஊசியை விட்டு மறுபடி இழுக்கிறாள். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள்.

எனக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

செல்போனில் பார்த்துப் பார்த்துப் பின்னினேன். நடுவில் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு. அதற்கடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு. இப்படியே போனால் தட்டையான வட்டம் வரும். உச்சந்தலை அளவு வந்ததும் கண்ணி கூட்டுவதை நிறுத்தினால் அது தானாகவே கீழே மடங்கிச் சுவராக இறங்கும். காதுக்கு மேல் வந்ததும் மறுபடி கூட்டினால் விளிம்பு விரியும். கூட்டுவது கம்மியானால் கிண்ணம் போலக் குவியும். ஜாஸ்தியானால் முட்டைக்கோஸ் இலை போலச் சுருண்டு நெளியும். நான் இரண்டையும் செய்தேன். பதினோரு முறை பிரித்தேன். பின்னலில் ஒரு வசதி, எந்த இடத்தில் தப்பு நடந்ததோ அதுவரை இழுத்துப் பிரித்துவிடலாம். நூல் கோபித்துக்கொள்ளாது.

நூலை இரட்டையாகப் பிடித்து, சின்ன ஊசியால் இறுக்கிப் பின்னியதால் துணியே கொஞ்சம் விறைப்பாக வந்தது. விரல் காய்த்துவிட்டது. அந்தக் காய்ப்பை உன்னிடம் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். உன் கையைப் பார்த்ததும் காட்டவில்லை.

லீவுக்கு வந்ததும் உன் தலையில் வைத்தேன். அது உட்காரவில்லை. கொண்டை.

"கொண்டைய எங்கடி வைக்கறது? பைக்குள்ளயா?"

பின்னும்போது எனக்கு முன்னால் ஒரு தலை இருந்தது. வீடியோவில் இருந்த தலை. கழுத்தோடு வெட்டிய முடி. அதற்குத்தான் நான் பின்னியிருக்கிறேன்.

அப்போதுதான் உன் கூட்டாளி அஞ்சலைச் சின்னம்மா வந்தது. வேலைக்குப் போவதும் வருவதும் உன்னோடுதானே. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "கொண்டைய உடுடி. கெழங்கு கூடைய எங்க வப்பா உங்கம்மா? இது மேலயா? ஒரு நட போனா தோசையா ஆயிடும்."

கல்லூரியில் அந்தப் பருவத்தில் உழைப்பும் உடலும் என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வகுப்பில் வாசித்திருந்தேன் அம்மா. கைதட்டினார்கள். என் அம்மா நாள் முழுவதும் தலையில் பாரம் சுமக்கிறவள் என்பது அந்தக் கட்டுரையில் இருந்தது. தொப்பியில் இல்லை. வெயிலை நினைத்தேன், கூடையை மறந்தேன்.

நீதான் சொன்னாய். "அதனால இன்னா? மேல் பக்கத்த அறுத்துடு. கொண்டையும் வெளிய வந்துடும், கூடைக்கு அடியில சும்மாடும் வச்சிக்கலாம்."

அறுக்கவில்லை. முழுதும் பிரித்தேன். அதே நூலில் மறுபடி தொடங்கினேன். இந்த முறை உன் தலையைச் சுற்றி நூல் பிடித்து அளந்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நெற்றி சுட்டது. காய்ச்சலா என்று கேட்டேன். வெயிலில் இருந்து வந்தால் அப்படித்தான் என்றாய். அளவை எழுதிக்கொண்டேன். நெற்றி சுட்டதை எழுதவில்லை.

மேலே திறந்த தொப்பி. நாலு விரல் உயரச் சுவர், அதிலிருந்து ஒரு சாண் விளிம்பு. விளிம்பின் கடைசிச் சுற்றில் கம்பி வைத்துப் பின்னினால் நிற்கும் என்று வீடியோவில் சொன்னார்கள். கம்பி பிரிந்து கண்ணில் குத்திவிடுமோ என்று பயந்தேன். கஞ்சி போதும் என்று முடிவு செய்தேன். மரவள்ளி விளைகிற ஊரில் கஞ்சிக்கா பஞ்சம்? ஜவ்வரிசியைக் கண்ணாடியாகும்வரை காய்ச்சி, துணியில் வடிகட்டி, விளிம்பை அதில் முக்கினேன். தாம்பாளத்தின் முதுகில் விரித்து, சுற்றிலும் துணிக் கிளிப் போட்டு, கூரைமேல் வைத்தேன். உனக்கு ஆகாத அதே வெயில்தான் அதைக் காய வைத்தது. சாயங்காலம் எடுத்தபோது பலகை மாதிரி நின்றது.

நீ போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாய். முகத்தில் நிழல் விழுந்தது. கன்னத்துச் சிவப்பு முழுவதும் நிழலுக்குள் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. நீ என்ன நினைத்தாய்? கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

*

இரண்டு நாள் கழித்து கல்வராயன் மலையில் கிழங்கு பிடுங்க ஆள் பற்றவில்லை என்று வடக்கனந்தலில் இருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்த நாளுக்கு வருகிறேன். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். உன் தலையில் தொப்பி வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் எனக்கு.

மலை ஏற ஏறப் பனி. வெள்ளிமலைப் பக்கம் போனபோது முன்னால் உட்கார்ந்தவர் முதுகுகூடத் தெரியவில்லை. அப்போது உன் விளிம்பு மெல்ல இறங்கத் தொடங்கியது. முதலில் இடது பக்கம். பிறகு முன்பக்கம். பிறகு முழுவதும் தொங்கி உன் மூக்கில் ஒட்டியது.

லாரியே சிரித்தது.

"இன்னாடி தொரசாணி, தொப்பி ஐஸ் மாதிரி உருகுது?"

"நக்கிப் பாருடி, பாயசமா இருக்கும்!"

"பொண்ணு காலேஜில படிச்ச படிப்பெல்லாம் கன்னத்துல வழியுதுடி ஒனக்கு."

நீயும் சிரித்தாய். நாக்கை நீட்டி விளிம்பை நக்கிக் காட்டினாய். "ஆமான்டி, சக்கர கம்மி" என்றாய். எல்லோரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நான் லாரிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் வந்ததும் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாய். துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, பிழிந்தும் பிழியாமலும் தலையில் போட்டு, அதன்மேல் சும்மாடு வைத்துக் கூடையைத் தூக்கினாய். துண்டிலிருந்து தண்ணீர் உன் கழுத்தில் இறங்கியது. கன்னம் இரண்டும் திறந்த வெயிலில் இருந்தன.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் இன்னும் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினேன். இரண்டு முறை முக்கிக் காய வைத்தேன். உன்னிடம் கொடுத்தபோது கோபமாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

"ஈரம் படாம பாத்துக்கம்மா. பனி, மழை, வேர்வ, எதுவும் படக்கூடாது. பட்டா எளகிடும். அவ்ளோதான், வீணாயிடும்."

"சரிடி" என்றாய்.

*

பிறகு நடந்ததை நீ அறிவாய். கத்திரி வெயில். கால் வீங்கியது. பிறகு முகம். சிறுநீரகம் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். உன் முடி தலையணையில் கொத்தாகக் கிடந்தது, கொண்டை ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்து, "இப்ப மொத தொப்பியே சரியா இருந்திருக்கும்டி" என்றாய். அதுதான் நீ தொப்பியைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது. அதற்கும் சிரித்தாய்.

எல்லாம் முடிந்தபின் அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். வெயில் படாமல் இருந்திருந்தால்? வெயில் நோயைத் தூண்டும், ஆனால் இன்னதால்தான் என்று யாரும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். அந்தப் பதிலோடு நான் என்ன செய்வது?

*

நேற்று சாயங்காலம் எல்லோரும் போனபின் அஞ்சலைச் சின்னம்மா வந்தது. தொப்பி என் மடியில் இருந்தது.

"சின்னம்மா, அம்மா இத போடவே இல்லையா?"

"யாரு சொன்னா? தெனம் போடுமே."

"எப்ப?"

"மதியம் சோத்துக்கு உக்காருவோம் இல்ல, வேப்ப மரத்தடியில. அப்ப மொதல்ல கைய கழுவி, மொகத்த தொடச்சி, வேர்வ சுத்தமா காய்ஞ்சதும் பையில இருந்து எடுக்கும். போட்டுக்கினுதான் சோறு தின்னும். நாங்க இன்னா பேச்சு பேசுவோம்! நெழல்ல ஒக்காந்துக்கினு தொப்பி போடுற மகராணிய இங்கதான்டி பாத்தோம்னு. அது காதுலயே வாங்காது. எழுந்திரிக்கும்போது கழட்டி பையில போட்டு முடி போட்டுடும்."

"வெயில்ல ஏன் போடல?"

சின்னம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. தெரிந்துகொண்டே கேட்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நீதானடி சொன்ன? வேர்வ பட்டா வீணாயிடும்னு. நான்கூட சொன்னேன், இன்னிக்கு வெயிலு கொளுத்துது போட்டுக்கடின்னு. 'எம்பொண்ணு வெரலு காய்ச்சிப்போயி பின்னிக் குடுத்துக் கீது, வேர்வயில உட்டு பாழ் பண்ணுவாங்களா'ன்னு கேட்டுச்சு."

காய்ப்பை நான் காட்டவே இல்லையே அம்மா. எப்போது பார்த்தாய்?

சின்னம்மா இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்கவில்லை. நீ பொய் சொல்லவில்லை. தினமும் போட்டுக்கொண்டாய். நான் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் செய்தாய். வேர்க்காத இடம் எது? நிழல். வெயிலுக்காகப் பின்னிய தொப்பியை வெயிலிலிருந்து காப்பாற்றினாய். டாக்டர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவள், நான் சொன்னதைக் கேட்டு ஏன் சிரிக்கவில்லை? போடி இவளே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

*

இன்று காலை தொப்பியைக் குழாயடிக்கு எடுத்துப்போய் வாளித் தண்ணீரில் போட்டேன். ஏன் என்று கேட்காதே. அது நின்றுகொண்டிருப்பதைப் பார்க்க முடியவில்லை.

முதலில் மிதந்தது. கையால் அமுக்கிப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் கொழகொழப்பு விரலில் வந்தது. தண்ணீர் வெளுத்தது. நாலு முறை அலசினேன். கஞ்சி முழுவதும் போனபின் அது ஒரு வளையம். நனைந்த துணி. அவ்வளவுதான். கனமாக, ஜில்லென்று இருந்தது. பிழியாமல் தலையில் போட்டுக்கொண்டேன். விளிம்பு கன்னத்தில் ஒட்டியது. கழுத்தில் தண்ணீர் இறங்கியது. விறைப்பே வேண்டியிருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஈரமாகவே, தொங்கிக்கொண்டே, உன் கன்னத்தை மூடியிருக்கும். நீ தினமும் துண்டில் செய்ததுதான். பக்கத்தில் நின்று பார்த்தேனே. பார்த்துவிட்டு வந்துதான் அப்படிச் சொன்னேன்.

அந்த நேரம் சின்னம்மா வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தது. கையில் வெறும் கூடை.

"இன்னாடி இது கோலம்? ஜலதோசம் புடிக்கும், எடு."

எடுத்துக் கொடுத்தேன். "வெச்சிக்கறீங்களா சின்னம்மா? உங்களுக்கு."

வாங்கித் தலையில் மாட்டியது. விளிம்பு இரண்டு கண்ணையும் மூடியது. "ரோடே தெரியலடி. வரப்புல உழுந்து போயி உங்கம்மாவுக்குத் தொணைக்குப் படுத்துக்கவா?" என்று சிரித்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கழற்றியது. இரண்டு கையாலும் முறுக்கியது. ஈரம் சொட்டியது. முறுக்கிய வளையத்தை மடித்துச் சுருட்டி உச்சந்தலையில் வைத்து, கூடையை அதன்மேல் வைத்துப் பார்த்தது. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டியது. கூடை அசையவில்லை.

"நல்லா குந்திக்கிச்சு பாரு. துணிச் சும்மாடு நழுவும். இது நழுவல. ஜில்லுனு வேற கீது."

என்ன சொல்வது? இது சும்மாடு இல்லை, என் அம்மா முகத்துக்கு நிழல் என்றா? சின்னம்மா திரும்பி நடந்தது. கிழக்கே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நேராக அதன் முகத்துக்கு. முதல்முறையாக அந்த நூல் வெயிலில் வேலை செய்யப் போகிறது. ஒரு கன்னத்துக்கும் நிழல் இல்லை. மலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது, இங்கே வருமா என்று தெரியவில்லை.

சின்னம்மாவை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பாய். கூப்பிட்டு என்ன கொடுப்பேன்?

ஊசி பையில் இருக்கிறது. நூல் இல்லை, வாங்கலாம். ஆனால் எதையும் பின்னித் தருகிறேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். இனி யாருக்காவது என் கையால் எதையாவது கொடுத்தால், கொடுத்தபின் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எதையும் படாமல் பார்த்துக்கொள் என்று சொல்லமாட்டேன். நனையட்டும். இளகட்டும். பாழாகட்டும் அம்மா.

இப்படிக்கு,
விரலில் காய்ப்பு இன்னும் ஆறாத,
உன் பேச்சுக்கேளாத மகள்